கட்டிக்குள் ஓடும் குழாய்கள்: கீமோ அவற்றை என்ன செய்கிறது?

அத்தையின் மார்பு ஸ்கேனில் கட்டி சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தது. அதன் ஓரத்திலும் நடுவிலும் மட்டும் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாய் ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. "இதென்னடா, சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமா?" என்று கேட்டார். நான் புக்கிட் மெர்தாஜாமில் எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவன், வாய் சும்மா இருக்குமா? "ஆமா அத்தை, சிவப்பு தமனி, நீலம் சிரை" என்று அடித்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருத்தினார். டாப்ளர் ஸ்கேனில் சிவப்பு என்றால் கருவியை நோக்கி வருகிற ரத்தம், நீலம் என்றால் கருவியை விட்டு விலகிப் போகிற ரத்தம், அவ்வளவுதான். கருவியைத் திருப்பிப் பிடித்தால் நிறமும் மாறிவிடும்.

என் மானம் போனது போகட்டும். அன்றைய ரிப்போர்ட்டில் கட்டிக்குள் ரத்த ஓட்டம் அதிகம் என்று எழுதியிருந்தது. இரண்டு கீமோ முடிந்து மறுபடி எடுத்தபோது, கட்டி கொஞ்சம்தான் சுருங்கியிருந்தது, ஆனால் ரத்த ஓட்டம் நன்றாகக் குறைந்திருந்தது. ஜெலுத்தோங்குக்குத் திரும்பும் வழியில் அத்தை கேட்டார்: "புற்றுநோயைக் கொல்லத்தானே மருந்து போடறாங்க, ரத்தத்தை எதுக்குப் பார்க்கறாங்க?" "கட்டியைப் பட்டினி போடறாங்க அத்தை" என்று காரில் நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. அதைத்தான் இங்கே ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வருகிற ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரம்தான் போகும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் இருக்கிற செல்லுக்கு மூச்சு முட்டும். புற்றுநோய் செல்லானாலும் விதிவிலக்கில்லை. அதனால் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரைக்கும் பக்கத்துக் குழாய்களை நம்பி ஓட்டிவிடலாம், அதற்குமேல் வளர வேண்டுமென்றால் தனக்கென்று குழாய் இழுத்தாக வேண்டும்.

இதை முதலில் அழுத்திச் சொன்னவர் ஜூடா ஃபோக்மன் என்கிற அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களில் கடற்படை ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, முயலின் தைராய்டு சுரப்பியைத் தனியாக எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்து, அதில் புற்றுநோய் செல்களை விட்டுப் பார்த்தார்கள். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. செத்தும் போகவில்லை, அதே கட்டியை உயிருள்ள எலிக்குள் வைத்ததும் திமுதிமுவென்று வளர்ந்தது. பாத்திரத்தில் இல்லாதது எலியிடம் என்ன இருந்தது? புதுக் குழாய் முளைக்க வசதி இருந்தது. 1971ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: குழாய் முளைப்பதைத் தடுத்தால் கட்டியை நிறுத்தலாம். அப்போது பல பேர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றித் தெரியும் குழாய்கள் வெறும் வீக்கத்தால் வந்தவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழாய் எப்படி முளைக்கிறது என்பது பிறகு தெளிவானது. மூச்சு முட்டுகிற செல்லுக்குள் ஹிஃப் என்கிற புரதம் தேங்க ஆரம்பிக்கும் (ஆக்சிஜன் இருந்தால் செல் அதை உடனுக்குடன் உடைத்துவிடும், இல்லாவிட்டால் உடைக்க முடியாது, இந்த உணர்தல் முறையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019ல் நோபல் பரிசு கிடைத்தது). ஹிஃப் தேங்கினால் செல் விஇஜிஎஃப் என்கிற புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துக் குழாய்களுக்குப் போய்ச் சேருகிற அழைப்பு மாதிரி. குழாயின் உள்சுவரில் ஓடு பதித்தது போல ஒட்டிக்கொண்டிருக்கிற எண்டோதீலியல் செல்கள் இருக்கின்றன, சாதாரணமாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பெருகாமல் தூங்குகிறவை. இந்த அழைப்பு வந்ததும் அவை விழித்துக்கொண்டு, ஒன்று முன்னால் மோப்பம் பிடித்துப் போக, மற்றவை பின்னால் பெருகிப் பெருகி வரிசை கட்ட, வாசனை வருகிற பக்கம் புதுக் கிளை நீண்டுகொண்டே போகும். புண் ஆறும்போதும், கர்ப்பத்தின்போதும், மாதாமாதம் கருப்பையின் உள்தோல் வளரும்போதும் நடப்பது இதேதான். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, உடம்பில் இருக்கிற வசதியைத் திருடிக்கொள்கிறது.

ஆனால் திருட்டு வேலை திருட்டு வேலையாகத்தான் இருக்கும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு ஜெனரேட்டரை வைத்து, கடை கடையாக வயர் இழுப்பார்களே, ஒன்று மரத்தைச் சுற்றி, ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி, ஒன்று எங்கேயும் போகாமல் தொங்கிக்கொண்டு, அந்த மாதிரிதான் கட்டிக்குள் இருக்கும். குழாய்கள் கோணல்மாணலாக ஓடும், திடீரென்று தடிக்கும், சில முட்டுச்சந்தில் போய் நிற்கும். நல்ல குழாயை வெளியிலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற பெரிசைட் செல்கள் இங்கே சரியாக ஒட்டியிருக்காது, அதனால் சுவரெல்லாம் ஒழுகும். ஒழுகின நீர் வெளியேற வழியில்லாமல் கட்டிக்குள் அழுத்தம் ஏறும். பெருகிக்கொண்டே இருக்கிற புற்றுநோய் செல்கள் வேறு குழாய்களை நெருக்கி நசுக்கும். இவ்வளவு குழாய் இருந்தும் கட்டியின் பல மூலைகளில் ஆக்சிஜன் இல்லை, ஆக்சிஜன் இல்லாததால் மறுபடி விஇஜிஎஃப், மறுபடி குழாய். இந்தச் சுற்று நிற்காது.

சரி, இப்போது கீமோவுக்கு வருவோம்.

அத்தைக்கு அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், நான்கு தடவை. அது முடிந்து வாராவாரம் பாக்லிடாக்செல், பன்னிரண்டு தடவை. மார்பகப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க அதிகம் தருகிற வரிசைகளில் ஒன்று இது. டாக்ஸோரூபிசினைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அச்சு அசல் ஆயர் சிராப்பின் சிவப்பு நிறம். மிஸ்ஸி (நர்ஸ்) அதைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து வந்து, சலைன் ஓடிக்கொண்டிருக்கிற குழாய் வழியாகக் கையாலேயே மெதுவாகத் தள்ளுவார். நடுநடுவே கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் திசுவே வெந்துபோகும். அன்றைக்கு சிறுநீரும் சிவப்பாகப் போகும், யாராவது முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள்.

இந்த மருந்துகள் பெருகுகிற செல்களைக் குறி வைப்பவை. டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும், பாக்லிடாக்செல் செல் இரண்டாகப் பிரியும்போது தேவைப்படுகிற நுண்குழல்களை உறைய வைத்துவிடும். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் ரத்த வெள்ளணு குறைவதும் இதனால்தான், அங்கேயும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அப்படியென்றால், கட்டிக்குள் புதுக் குழாய் கட்ட விழுந்தடித்துப் பெருகிக்கொண்டிருக்கிற எண்டோதீலியல் செல்கள் மட்டும் தப்புமா? தப்பாது. உடம்பின் மற்ற இடங்களில் தூங்குகிற எண்டோதீலியல் செல்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, கட்டிக்குள் விழித்துக்கொண்டவைதான் மாட்டும். ஆய்வகத்தில் பார்த்தால், புற்றுநோய் செல்லைக் கொல்லப் போதாத அளவு பாக்லிடாக்செல்கூட எண்டோதீலியல் செல்களை நகரவும் பெருகவும் விடாமல் தடுக்கிறது.

இது நேரடி அடி. சுற்றி வளைத்து வருகிற அடியும் ஒன்று உண்டு: புற்றுநோய் செல்கள் சாகும்போது விஇஜிஎஃப் விடுகிற வாய்களும் குறைகின்றன, அழைப்பு நின்றால் புதுக் குழாய்கள் வாடிவிடும். அத்தையின் இரண்டாவது ஸ்கேனில் நிறத்திட்டுகள் குறைந்ததற்கு இந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம். அளவு சுருங்குவதற்கு முன்னால் ரத்த ஓட்டம் குறைவது பல நோயாளிகளிடம் பார்க்கிற விஷயம்தான். செத்த செல்களை உடம்பு துடைத்து எடுக்க நாளாகும் இல்லையா. எம்ஆர்ஐயில் கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றிப் பார்ப்பதும் இதற்காகத்தான், சாயம் எவ்வளவு வேகமாகக் கட்டிக்குள் பாய்ந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதிலிருந்து குழாய்களின் நிலைமையை ஊகிக்கலாம்.

இதுவரை கேட்டால், குழாய் குறையக் குறைய நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அத்தைக்குப் பாக்லிடாக்செல் ஆரம்பித்த அன்று வரைக்கும்.

அன்று மிஸ்ஸி ஃப்ரீசரிலிருந்து உறைந்த கையுறைகளைக் கொண்டுவந்து அத்தையின் கைகளில் மாட்டினார். தொட்டுப் பார்த்தேன், பத்து விநாடிக்கு மேல் என்னால் பிடிக்க முடியவில்லை. இந்த வகை மருந்துகளால் நகம் கறுத்துக் கழன்றுவிடலாம், விரல் மரத்துப்போகலாம், அதைக் குறைக்கத்தான் இந்தக் குளிர். குளிரில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் குறைவாகப் போனால் மருந்தும் குறைவாகப் போகும். தலைமுடியைக் காப்பாற்றக் குளிர்தொப்பி போடுவதும் இதே கணக்குத்தான். அத்தை பல் கிட்டிக்க உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "அப்போ ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாதா?"

போகாது. மொத்த விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. கட்டிக்குச் சாப்பாடு போகிற வழியும் மருந்து போகிற வழியும் ஒன்றே. எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டால் மருந்தும் வாசலிலேயே நின்றுவிடும். மூச்சு முட்டுகிற மூலையில் ஒளிந்திருக்கிற செல்கள் மெதுவாகப் பெருகுகிறவை, கீமோவுக்கு லேசில் மசியாதவை, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சும் சரியாக வேலை செய்யாது. இதை வைத்துத்தான் ராகேஷ் ஜெயின் என்கிற விஞ்ஞானி 2001ல் ஒரு மாற்று யோசனை சொன்னார். குழாய்களை அழிப்பதைவிட, வேண்டாத வயர்களைக் கத்தரித்து மீதியைக் கொஞ்ச காலத்துக்காவது ஒழுங்குபடுத்தினால், மருந்தும் ஆக்சிஜனும் நன்றாக உள்ளே போகும், அந்தச் சமயம் பார்த்து அடிக்க வேண்டும் என்றார். பேராசைக்காரத் திட்டம்போலத் தெரிந்தாலும் இதற்குத் தோதான ஒரு தகவல் மார்பகப் புற்றுநோயிலேயே கிடைத்தது. 2005ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு முன் கீமோ எடுத்த பெண்களின் கட்டிக்குள் ஊசி விட்டு அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் அளந்து பார்த்தார்கள். பாக்லிடாக்செல் கொடுத்தவர்களுக்கு உள்ளழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி, ஆக்சிஜன் ஏறியிருந்தது. டாக்ஸோரூபிசின் கொடுத்தவர்களிடம் அப்படி நடக்கவில்லை. நெருக்கிக்கொண்டிருந்த செல்கள் செத்ததும் நசுங்கிய குழாய்கள் மறுபடி திறந்துகொள்கின்றன என்பது ஒரு விளக்கம். ஆக, கீமோ குழாயை வெட்டவும் செய்யும், சில நேரம் மூடியதைத் திறந்தும் விடும்.

அடுத்த சிக்கல் இடைவெளி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏன் கொடுக்கிறார்கள்? தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில் அடித்துவிட்டு, எலும்பு மஜ்ஜை தேறி வெள்ளணு எண்ணிக்கை மறுபடி ஏறுவதற்கு அவகாசம் கொடுக்கிறார்கள். நமக்கு அந்த ஓய்வு கட்டாயம் வேண்டும். ஆனால் அதே ஓய்வில் கட்டியின் குழாய்களும் தேறிக்கொள்கின்றன. பலமான ஒரு தவணைக்குப் பிறகு, அடிபட்ட திசுவைப் பழுது பார்க்க மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து சேரும், எலும்பு மஜ்ஜையிலிருந்து குழாய் கட்டுவதற்கு உதவுகிற செல்கள் ரத்தத்தில் இறங்கி வரும், கட்டி அவற்றையும் தன் வேலைக்கு இழுத்துக்கொள்ளும். எலிகளில் இது நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது.

ஃபோக்மனின் ஆய்வகம் 2000ல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. அதே சைக்ளோபாஸ்பமைடு, ஆனால் நீண்ட ஓய்வு இல்லாமல் நெருக்கி நெருக்கிக் கொடுத்தால்? அந்த மருந்துக்கு ஏற்கெனவே மசியாத புற்றுநோய் உள்ள எலிகளில்கூடக் கட்டி அடங்கியது, ஏனென்றால் இந்த முறை அடி விழுந்தது பிரதானமாகக் குழாய்களின் மேல். அதே வருடம் இந்த முறைக்கு மெட்ரோனோமிக் கீமோ என்று பெயர் வந்தது, சங்கீதம் கற்கிறவர்கள் தாளத்துக்கு வைக்கிற மெட்ரோனோம் கருவியிலிருந்து எடுத்த பெயர். குறைந்த அளவு, தொடர்ந்து. இப்படிக் கொடுக்கும்போது, குழாய் முளைப்பதைத் தானே தடுக்கிற திராம்போஸ்பாண்டின் என்கிற புரதத்தை உடம்பு அதிகம் சுரக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது.

மனிதர்களிடம் இது எவ்வளவு பலித்தது? பாதிப் பாதி என்றுதான் நான் சொல்வேன். மிலானில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையும் கூடவே வாரத்தில் சில நாள் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்து, சிலருக்கு நோய் நெடுநாள் அடங்கியதை 2002ல் எழுதினார்கள். ஆரம்பக் கட்டப் பெண்களுக்கு வழக்கமான கீமோ முடிந்தபின் அதையே ஒரு வருடம் தொடர்ந்த பெரிய சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் வரவில்லை. ஆனால் சீனாவில் மூன்று எதிர்மறை வகை (ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத வகை) மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஒரு வருடம் குறைந்த அளவு கேப்சிடாபின் மாத்திரை கொடுத்தபோது, ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 73 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாக ஏறினார்கள். 2021ல் வந்த முடிவு இது. அது முழுக்கக் குழாயால்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தைக்கு வாராவாரம் பாக்லிடாக்செல் கொடுப்பதும் சும்மா இல்லை, 2008ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையைவிட வாராந்திர முறை நன்றாக வேலை செய்தது. கட்டிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்காததும் அதற்கு ஒரு காரணம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

"அப்படின்னா அந்த அழைப்பையே நிறுத்தற மருந்து இல்லையாடா?" இருக்கிறது, பெவாசிசுமாப், கடைப் பெயர் அவாஸ்டின். விஇஜிஎஃப்பைப் பிடித்துக் கட்டிப்போடுகிற மருந்து. பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்செல்லோடு சேர்த்துக் கொடுக்க 2008ல் அமெரிக்காவில் விரைவு அனுமதி தந்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் அந்த ஆய்வில் கிட்டத்தட்ட 6 மாதத்திலிருந்து கிட்டத்தட்ட 12 மாதமாக ஏறியது, ஆனால் மொத்த ஆயுள் கூடவில்லை. அடுத்து வந்த சோதனைகளில் அந்த லாபமும் சுருங்கியது, ரத்த அழுத்தம், ரத்தக் கசிவு போன்ற தொல்லைகள் மட்டும் நின்றன. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு வாயை மூடினால் கட்டி வேறு வாயால் கூப்பிடும், விஇஜிஎஃப் மாதிரி வேறு புரதங்களும் அதனிடம் உண்டு. குடல் புற்றுநோய் போன்ற வேறு சிலவற்றுக்கு அந்த மருந்து இன்றும் பயன்படுகிறது.

பயமுறுத்துகிற ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் எப்படியும் உங்களுக்கு வந்து சேரும். 2017ல் நியூயார்க் ஆய்வாளர்கள், அறுவைக்கு முன் கொடுக்கிற கீமோ சிலரிடம் கட்டியின் குழாய்ச் சுவரில் புற்றுநோய் செல்கள் ரத்தத்துக்குள் நுழைகிற கதவுகள் மாதிரியான இடங்களைக் கூட்டக்கூடும் என்று எழுதினார்கள். எலிகளிலும் குறைந்த எண்ணிக்கைப் பெண்களின் திசுவிலும் பார்த்தது. உடனே "கீமோவே புற்றுநோயைப் பரப்புகிறது" என்று தலைப்பு போட்டுச் சுற்றினார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. அந்தக் கதவை மூடுகிற மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் கீமோவை அறுவைக்கு முன் கொடுத்தாலும் பின் கொடுத்தாலும் உயிர் பிழைத்தவர்களின் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு கீமோவை நிறுத்திவிட்டு டுரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலையைக் கொதிக்க வைக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதில் என் பக்கமும் ஒரு தப்பு நடந்தது. ஆரம்பத்தில் காரில் வைத்து "கட்டியைப் பட்டினி போடறாங்க அத்தை" என்று சொன்னேன் அல்லவா, அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டு சோற்றைக் குறைத்துவிட்டார். பத்து நாளாகக் காலையில் வெறும் தே ஓ, மத்தியானம் கொஞ்சம் ரசம். எடை இறங்கியதைப் பார்த்து டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாம் சாப்பிடாமல் இருந்தால் கட்டியின் குழாய் மூடாது. கட்டி தசையைக் கரைத்தாவது தன் பங்கை எடுத்துக்கொள்ளும், வெள்ளணு ஏறாமல் அடுத்த தவணைதான் தள்ளிப்போகும், இடைவெளி கூடும். இடைவெளியில் என்ன நடக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உவமை சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன்.

இப்போது ஏழாவது வாரப் பாக்லிடாக்செல் முடிந்திருக்கிறது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் நிறத்திட்டு ஓரத்தில் ஒன்றே ஒன்று, சின்னதாய். நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, படத்தில் ரத்த ஓட்டம் தெரியாவிட்டாலும் உள்ளே உயிரோடு செல்கள் இருக்கலாம், அறுவையில் எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அத்தை படத்தைப் பார்த்துக்கொண்டே, "அது நீலமா இருக்கு, நம்மள விட்டுப் போகுது" என்றார். கருவியை விட்டு, அத்தை.